அப்பாவின் வலது ஷூ

மார்ச் 1, ஞாயிறு

இந்த டைரி அப்பா வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் கொடுத்தது. அட்டையில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அக்கா என்னைப் பார்த்தே சிரிக்கிறாள். ஜனவரி, பிப்ரவரி ரெண்டும் காலி. யாராவது கேட்டால் அந்த ரெண்டு மாதமும் நான் நல்ல பிள்ளையாக இருந்தேன், எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் ஜெயதர்ஷினி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. தொழில், அடுத்தவர் உயிரை வாங்குவது. கடைசி வரி என் அம்மா முனீஸ்வரி கொடுத்த சான்றிதழ்.

அப்பா பெயர் தங்கப்பாண்டி. கடை வாசலில் செக்யூரிட்டி. காலை ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி எட்டு வரை கதவைத் திறந்து ‘வாங்க வாங்க’, கதவைச் சாத்தி ‘போயிட்டு வாங்க’. சுகர் வந்து எட்டு வருஷம். மாத்திரை போட மறந்த நாளில், “இன்னைக்கு எனக்கு சுகர் லீவு” என்பார்.

இப்போது கால்வலி. பாதம் எரிகிறது, ஊசி குத்துகிறது என்கிறார். எங்கள் தெருவில் வலி ஒன்று, வைத்தியர் பத்து. அம்மா சொல்லும் காரணம் வாயு, அதனால் வீட்டில் உருளைக்கிழங்குக்குத் தடை. எதிர்வீட்டுக் கோமு அக்கா சொல்வது கண்ணேறு. மேனேஜர் சொல்வது தொப்பை. அப்பா சொல்வது, “நிக்கிற பொழப்பு. வேற என்ன.” ஆளுக்குக் கால் காரணம் சொல்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு முழுக் காரணம் வந்துவிடும் போலிருக்கிறது.

சாயங்காலம் அம்மா வாளியில் வெந்நீர் வைத்து உப்புப் போட்டுக் கொடுத்தாள். காலை உள்ளே விட்டார்.

“என்ன பிள்ள, பச்சத்தண்ணியா ஊத்துன? சூடே இல்லையே.”

அம்மா விரலை விட்டாள். ‘ஸ்ஸ்’ என்று உதறிக்கொண்டாள். “ஏங்க, இது சூடில்லையா?”

“உனக்குப் பஞ்சு விரலு,” என்றார் அப்பா. அவர் கால் இட்லிப்பானைக்குள் வைத்த மாதிரி சிவந்திருந்தது.

மார்ச் 4, புதன்

அப்பாவோடு ரேஷன் கடைக்கு நடந்தேன். அவர் ஒரு போஸ்டர் பைத்தியம் என்று இன்றுதான் கண்டுபிடித்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முன்னால் நின்றார். கொஞ்ச தூரம் போய், பூப்புனித நீராட்டு விழா போஸ்டர். அப்புறம் பல் ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு நிமிஷம். வலது காலில் நின்றுகொண்டு இடது கெண்டைக்காலைக் கையால் அமுக்கிக்கொண்டே வாசிக்கிறார்.

“செத்தவரு யாருப்பா, தெரிஞ்சவரா?”

“இல்ல. ஆளு பாக்க நல்லவராத் தெரியுதாரு.”

போன வருஷம் வரைக்கும் இவர் நடையைப் பிடிக்க நான் ஓடணும். இப்போது நான் பொறுமையாக நிற்கிறேன். பொறுமை என் பாடத்திட்டத்திலேயே இல்லாத பாடம்.

மார்ச் 7, சனி

கோயில் கொட்டகைக்குக் கால் நட்டுவிட்டார்கள். 20ஆம் தேதி காப்புக் கட்டு, ஏப்ரல் 5 பூக்குழி.

அப்பா இறங்கும் ஏழாவது வருஷம். வேண்டுதலும் ஏழு வருஷம்தான், இத்தோடு முடிகிறது. காரணம் நான். ஏழு வயதில் கோமு அக்காவைப் பயமுறுத்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பேய் மாதிரி நடந்து, பேய்க்குக் கால் கிடையாது என்பதை நிரூபித்துக் கீழே விழுந்தேன். இரண்டு நாள் கண் திறக்கவில்லையாம். பிள்ளை பிழைத்தால் ஏழு வருஷம் தீ மிதிக்கிறேன் என்று அப்பா வேண்டிக்கொண்டார். நான் மூன்றாவது நாள் எழுந்து பரோட்டா கேட்டேன்.

போன வருஷம் அப்பா நிதானமாக, கல்யாண வீட்டுக்குள் போகிறவர் மாதிரி நடந்தார். முன்னால் போனவர்கள் எல்லாம் ஓடினார்கள். “பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு. சுடவே இல்ல,” என்றார். கோமு அக்கா அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். ஆத்தா அவரை ஏற்றுக்கொண்டாள் என்று தெருவே பேசியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கணும். கதவு திறந்துவிடுகிற ஆளுக்கு யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ஏப்ரல் ஒன்றாம் தேதிக்கு இன்று ஒத்திகை. பன்னீர் சோடா மூடி ஒன்றை, பல் பல்லாக இருக்கும் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி, அப்பாவின் வலது ஷூவுக்குள் வைத்தேன். திட்டம் இது: கால் விடுவார், ‘ஆ’ என்பார், ஒற்றைக்காலில் குதிப்பார், நான் கதவுக்குப் பின்னாலிருந்து சிரிப்பேன், செருப்பு பறந்து வரும், குனிவேன். தினசரி நடப்பதுதான்.

அவர் ஷூவை மாட்டினார். நாடாவைக் கட்டினார். எழுந்து நின்று தலைவாரினார். “தர்சு, கதவுக்குப் பின்னால என்ன பண்ணுத?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூடி ஓரமாக நகர்ந்திருக்கும். படு தோல்வி.

பின்குறிப்பு, ராத்திரி ஒன்பது மணி: மூடி நகரவில்லை. ஷூவைக் கவிழ்த்தேன். தட்டையாகி விழுந்தது. பதினொரு மணி நேரம் அதன் மேலேயே நின்றிருக்கிறார். சாக்ஸில் கட்டைவிரலுக்குக் கீழே ரூபாய் நாணயம் அளவு சிவப்பு.

“அப்பா, கால் ஏதும் வலிக்குதா?”

“எப்பவும் போலதான். எரியுது.”

“வேற மாதிரி?”

“அதென்ன வேற மாதிரி? போ, போய்ப் படி.”

சாக்ஸை நானே துவைத்தேன்.

மார்ச் 11, புதன்

அம்மா எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாக்ஸ் துவைத்ததற்காக.

மார்ச் 14, சனி

ஒரு விஷயமும் இல்லை. சாதாரண கீறல்தான். விளையாடும்போது எனக்கு எத்தனை கீறல் விழுந்திருக்கிறது, எல்லாம் மூன்று நாளில் காய்ந்துவிட்டது. இன்று நான்காவது நாள்.

கொசு ஜாஸ்தி. அதனால் சரியாகத் தூங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. அப்பா மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இனி பூக்குழி வரை செருப்புப் போடக்கூடாது. கடையிலும் விரதக்காரர்களுக்கு ஷூ கட்டாயமில்லை, மேனேஜரே மாலை போடுகிறவர். காக்கிச் சட்டை, தொப்பி, வெறுங்கால் என்று வாசலில் நிற்கிறார்.

வெயில் கொளுத்துகிறது. கடை வாசலில் சிமெண்ட் தரை. பக்கத்துப் பழக்கடைக்காரர் இடம் மாறி மாறி நிற்கிறாராம். அப்பா நின்ற இடத்திலேயே நிற்கிறாராம். “அது விரத பலம்,” என்று அம்மா பெருமையாகச் சொன்னாள்.

நான் சாப்பிடவில்லை. பசியில்லை. சாம்பார் நன்றாக இல்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

தரையைத் துடைக்கும்போது பார்த்தேன். அப்பா நடந்த வழியெல்லாம் ஒரு பக்கம் மட்டும் சின்ன ஈரப் பொட்டு. அடுப்படியிலிருந்து வாசல் வரை பதினாறு. தண்ணீர் இல்லை. ஒரு மாதிரி வாடை.

அவர் படுத்திருந்தபோது குனிந்து பாதத்தைப் பார்த்தேன். வட்டமாக ஒரு புண். ஓரத்தில் தடித்த தோல், நடுவில் குழி. விரலால் அதன் பக்கத்தில் அழுத்தினேன். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டே, “பூக்குழிக்கு முன்னாடி இந்தக் காத்தாடியத் துடைக்கணும்,” என்றார். நான் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். பதறிப்போய் மஞ்சள் அரைத்துப் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

“காப்பக் கட்டிட்டு ஆஸ்பத்திரியா? பூக்குழி முடியட்டும்,” என்றார் அப்பா. “எனக்கு வலிக்கவே இல்ல. வலிச்சாத்தான புண்ணு.”

பன்னிரண்டு நாள் இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

அப்பா தனக்காக ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். எனக்காகத் தீயிலேயே இறங்குவார். அப்படியானால் நோயாளி நானாக இருக்கவேண்டியதுதான்.

சாயங்காலத்திலிருந்து நொண்டுகிறேன். அழுத்தமாக, அளவாக. கேட்டால், “கால் மரத்துப்போச்சுப்பா, கிள்ளுனாலும் தெரியல.” அம்மா கிள்ளிப் பார்த்தாள். அம்மாடி. ஒரு சத்தம் போடவில்லை. பதினான்கு வருஷப் பயிற்சி இதற்காகத்தான் போலிருக்கிறது.

அப்பா முகம் வெளுத்துப்போயிற்று. “நாளைக்கு லீவு சொல்லிருதேன். பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்.”

மார்ச் 27, வெள்ளி

கை வலிக்க எழுதப் போகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரி வரை நடந்தோம். நொண்டுவது நான், நின்று நின்று வருவது அவர். போஸ்டர் இல்லாத சுவரைக்கூட நின்று வாசித்தார்.

அறையில் ஒரு டாக்டரம்மா. கண்ணாடி, முடிந்த கொண்டை, மேஜையில் பாதி குடித்த டீ. “யாருக்கு?” என்றார்.

“பிள்ளைக்கு மேடம்,” என்றார் அப்பா.

“அப்பாவுக்கு மேடம்,” என்றேன் நான். “எனக்கு ஒண்ணுமில்ல. இவரை இங்க கொண்டுவரத்தான் நொண்டினேன்.” எழுந்து நேராக நடந்து காட்டினேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதமாட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “காலைக் காட்டுங்க,” என்றார். பார்த்ததும் டீயைத் தள்ளி வைத்தார்.

தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நூல் எடுத்தார். “கண்ணை மூடிக்கோங்க. தொடும்போது ‘ம்’ சொல்லுங்க.” நூல் பாதத்தில் வளையும் வரை அழுத்தினார். அப்பா சும்மா இருந்தார். இன்னோர் இடம். சும்மா. நூல் காற்றில் இருந்தபோது, “ம்,” என்றார். மறுபடி தொடாதபோது ஒரு ‘ம்’. பரீட்சையில் பதில் தெரியாமல் சும்மா ‘ஆ’, ‘இ’ என்று குறித்துவிட்டு வருவேனே, அதே வேலை. பாஸாகணும் என்று அவ்வளவு ஆசை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் பாதத்தின் மேலே இரண்டு விரல் வைத்து நாடி தேடினார். வலதில் கிடைத்தது. இடதில் ரொம்ப நேரம் தேடினார். “நடந்தா கெண்டைக்கால் பிடிக்குதா? நின்னா விட்டுருதா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், “அதான் மேடம் போஸ்டர் படிக்கிறாரு.”

“சிகரெட்?”

“எப்பவாச்சும்.”

“டீக்கடையில தினம் ரெண்டு,” என்றேன். இன்றைக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்துவிடுவது என்று ஆகிவிட்டது.

“அண்ணே, உங்க காலுல ரெண்டு கோளாறு. சுகர் நரம்பக் கெடுத்திருக்கு. கெட்ட நரம்பு பொய் சொல்லும். ஒண்ணுமே இல்லாதப்ப எரியுது, குத்துதுன்னு சொல்லும். நிஜமா குத்தும்போது வாய மூடிக்கும். அது ஒண்ணு. நடந்தா பிடிக்கிறது வேற. அது ரத்தக்குழா சுருங்கினது. சுகரும் சிகரெட்டும் சேர்ந்து பண்ணினது. மதுரைக்கு எழுதித் தர்றேன், ஸ்கேன் எடுக்கணும். சுகர் மாத்திரை ரொம்ப நாளாச் சாப்பிடுறீங்க, பி12 சத்து குறைஞ்சாலும் காலு இப்படி மதமதங்கும், அதுக்கும் ரத்தம் பாத்துருவோம்.”

வாயு, கண்ணேறு எதையும் அவர் சொல்லவில்லை. உருளைக்கிழங்கு பாவம்.

“எனக்கு ஏப்ரல் அஞ்சு பூக்குழி இருக்கு மேடம்,” என்றார் அப்பா.

“இந்தக் காலோடயா?”

“போன வருஷமும் இந்தக் காலுதான்.”

டாக்டரம்மா புண்ணைச் சுற்றி வெட்டிச் சுத்தம் செய்தார். ரத்தம் வந்தது. அப்பா ஜன்னல் வழியாக ஆம்புலன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எதுல பட்டது இது? வட்டமா இருக்கே.”

“தெரியல மேடம். வேலைக்குப் போற இடத்துல எதாச்சும்...”

பட்டென்று பதில் சொல்வதில் ஒன்பது பி-யில் என்னை அடிக்க ஆளில்லை. அங்கே வாய்க்குப் பதில் கைதான் முந்தியது. பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பதினேழு நாளாக ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்த சோடா மூடி.

“நான்தான் போட்டேன். வலது ஷூவுல. விளையாட்டுக்கு.”

அப்பா அடிக்கவில்லை. மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்நுனியால் அதன் பல்லைத் தடவினார். விரலில் குத்தியிருக்கணும், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

“எப்பப் போட்ட?”

“பத்தாம் தேதி காலைல. நீங்க கிளம்பும்போது.”

“நான் சாயங்காலம் ஸ்டாக்கு இறக்கப் போனேனே அன்னைக்கு?”

“ஆமாப்பா.”

“மாடிப்படி ஏறினேன். மூணு தடவ.” யாருக்கோ கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். “இது உள்ளயே இருந்துச்சா?”

“ஆமா.”

நூலிடம் பொய் சொன்னவரால் மூடியிடம் சொல்லமுடியவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். நான்காவது ஸ்டாப்பில், “அப்ப போன வருஷம்,” என்றார்.

மார்ச் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் காலுக்கு எடுத்த எக்ஸ்ரே நேற்றே வந்தது. புண் எலும்புக்குப் போகவில்லை. தினமும் கட்டு மாற்றணும். மாத்திரை எட்டு. வெறுங்கால் கூடாது. ஆஸ்பத்திரியில் சுகர்காரர்கள் போடும் எம்.சி.ஆர் செருப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள், கறுப்பு, மெத்தென்று. அப்பா அதை வாங்கிவந்து வாசலில் வைத்தார். போடவில்லை.

வேலைக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

மார்ச் 31, செவ்வாய்

அம்மா எனக்குப் பேச்சும் அடியும் சரிசமமாகப் பரிமாறினாள். அதன் பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். “சாமி காரியத்தத் தடுக்கவும் பயமா இருக்கு. விடவும் பயமா இருக்கு. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?”

என்னிடம் யோசனை கேட்கும் அளவுக்கு வீடு வந்துவிட்டது.

ஏப்ரல் 1, புதன்

முட்டாள்கள் தினம். கொண்டாடவில்லை. கொண்டாட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டது.

ஏப்ரல் 3, வெள்ளி

கோமு அக்கா வந்தாள். “அண்ணே, இந்த வருஷமும் உங்க பின்னாலதான் நான் பால்குடத்தோட வருவேன். போன வருஷம் ஆத்தாளே உங்கள ஏந்திக்கிட்டுப் போனாளே.”

அப்பா சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொண்டார். அவள் போன பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூடி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

சாயங்காலம் நான்கு மணிக்கு அப்பா குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, அம்மாவிடம் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். கட்டுப் போட்ட காலோடு, வெறுங்காலோடு. கறுப்புச் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். நான் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கோயில் தெருவில் காலை வைக்க இடமில்லை. மேளம். பூக்குழி பதினைந்து அடி நீளம், செக்கச்சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. வரிசையில் அப்பா ஐந்தாவது ஆள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய், அவர் முன்னால் குனிந்து செருப்பை வைத்தேன்.

“ஏ, யாரு பிள்ள அது, சாமி வரிசைல செருப்பக் கொண்டாந்து,” என்று ஒருவர் கத்தினார். “தங்கப்பாண்டி மகளாய்யா? அந்த வாலு வேலையாத்தான் இருக்கும்.”

அப்பா என்னைப் பார்த்தார். ஒன்பது நாளைக்குப் பிறகு முதல் பேச்சு. “என்னை இழுத்துட்டுப் போக வந்தியா?”

“இல்லப்பா. உங்க கால்ல போட வேண்டியது மறந்து கிடந்துச்சு. அவ்வளவுதான்.” உள்ளதைச் சொன்னேன். “எனக்குப் பயமா இருக்குப்பா.”

முன்னால் ஒருவர் இறங்கி ஓடினார். இன்னொருவர். அடுத்தவர். அப்பாவுக்கு முன்னால் இருந்த கடைசி ஆளும் இறங்கிவிட்டார். பூசாரி வேப்பிலையோடு திரும்பி, “வா தங்கப்பாண்டி,” என்றார்.

அப்பா மூடியை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “இல்ல சாமி. நான் இறங்கல.”

“கடைசி வருஷமய்யா. குறை வைக்காத.”

“எனக்குக் காலு செத்துப்போச்சு சாமி. போன வருஷம் சுடலைன்னு சொன்னேன்ல, ஆத்தா சுடாம விட்டான்னு நினைச்சேன். எனக்குத் தெரியாமப் போச்சு, அவ்வளவுதான்.” கையிலிருந்த மூடியைப் பார்த்தார். “சுடும்னு தெரிஞ்சு, வலிக்கும்னு தெரிஞ்சு இறங்குறதுதான நேத்திக்கடன்? சுடாத காலோட இறங்கினா அவள ஏமாத்துற மாதிரில்லா.”

மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கோமு அக்காவுக்குக் கேட்டது. பால்குடத்தோடு அப்படியே நின்றாள்.

பூசாரி குனிந்து அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். வேப்பிலையால் அப்பா தலையில் ஒரு தட்டு, என் தலையில் ஒரு தட்டு. எனக்குச் சற்றுப் பலமாக. “பிள்ளை உசுரோட முன்னால நிக்குது. அவ கணக்குல குறை இல்ல, போ,” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்பா கறுப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தார். கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி ஆள் இறங்கும் வரை நின்றார். அனல் எங்கள் பக்கம் அடித்தது.

“தர்சு, உனக்குச் சுடுதா?”

“மூஞ்சி எரியுதுப்பா.”

கையால் கன்னத்தைத் தடவினார். “ஆமா,” என்றார். “எனக்கும் மூஞ்சில நல்லாச் சுடுது.”

ஏப்ரல் 19, ஞாயிறு

மதுரை ஸ்கேனில் இடது தொடைக்குக் கீழே குழாய் சுருக்கம். அடைப்பு முழுசாக இல்லை, மாத்திரையும் நடையும் போதும் என்றார்கள். பிடிக்கும் வரை நடக்கணும், நிற்கணும், மறுபடி நடக்கணும். அப்பாவுக்கு டாக்டரே போஸ்டர் படிக்க எழுதிக் கொடுத்துவிட்டார். சிகரெட் நின்றுவிட்டது என்கிறார். டீக்கடையில் விசாரித்தேன், நிஜம்தான். பி12 குறைவு, அதற்கு ஊசி. எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, தூக்கம் வருகிறது.

கட்டு மாற்றுவது என் வேலை. புண் மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. முதல் நாள் எனக்கு வாந்தி வந்தது. இப்போது பாட்டுப் பாடிக்கொண்டே செய்கிறேன். அப்பா, “வலிக்காத புண்ணக்கூட உன் பாட்டு வலிக்க வச்சிரும்,” என்கிறார்.

நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப் போகும்போதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுகிறார்.

மே 24, ஞாயிறு

புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மரத்த கால் மரத்ததுதான், அது திரும்பாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தினமும் பாதத்தைப் பார்க்கணும், ஷூவைப் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவணும்.

ஜூன் 8, திங்கள்

அப்பா வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம். மேனேஜர் இப்போது அவரைப் பை டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருக்கிறார். ஒரு சைஸ் பெரிய புது ஷூ.

தினமும் காலையில் அந்த ஷூவுக்குள் கையை விடுவது நான். முதலில் கவிழ்த்துத் தட்டுவேன், பிறகு விரல் நுனியிலிருந்து குதிகால் வரை தடவுவேன். நாடா சுருண்டிருந்தால் நீவிவிடுவேன். கல், முள், ஆணி, மூடி எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவர் கால் விடுவார். இதில் மட்டும் நான் விளையாடுவதில்லை.

இன்றைக்கு இடது ஷூ முடித்து வலது ஷூவைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. கையை விட்டேன்.

ஜில்லென்று, வழுவழுவென்று, உயிருள்ளது மாதிரி ஏதோ விரலில் பட்டது. நான் போட்ட சத்தத்தில் கோமு அக்கா எதிர்வீட்டிலிருந்து ஓடிவந்தாள். ஷூ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் பையில் கட்டிய உரித்த நுங்கு ஒன்று நழுவி விழுந்தது.

கதவுக்குப் பின்னால் அப்பா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை.

“என்னப்பா இது, சின்னப்பிள்ள மாதிரி. அலறிட்டேன்ல.”

“அலறுனல்ல? தொட்ட உடனே அலறுனல்ல?” ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். “அது போதும் எனக்கு. அதுக்குத்தான உன்ன வேலைக்கு வச்சிருக்கேன். மாட்டு.”

மாட்டிவிட்டேன்.